குளிர்ல அடைக்கிற சிங்க்: அப்பச்சோடாவா, வினாகிரியா, காஸ்டிக்கா?

சிங்க் கழுவுற வீடியோ எத எடுத்து பாத்தாலும் ஒரே வேலதான், அப்பச்சோடாவ கொட்டி அதுக்கு மேல வினாகிரிய ஊத்துறாங்க, நுரை பொங்குது, உடனே எல்லாம் பளிச்சுன்னு ஆயிட்டதா காட்டுறாங்க. நம்ம மலநாட்டு வீடுகளுக்கு அது சரிவராது. ஏன்னா நம்ம சிங்க்ல சேருற அழுக்கே வேற.

யாழ்ப்பாணத்துப் பக்கம் நிலமே சுண்ணாம்புக்கல்லு, கிணத்துத் தண்ணி கடினமான தண்ணி, கேத்தல்லயும் டெப்லயும் வெள்ளையா படியும். அங்க வினாகிரி, தேசிக்காய் மாதிரி புளிப்புச் சாமான் நல்லா வேல செய்யும், சுண்ணாம்ப கரைச்சிடும். நமக்கு வர்ற பீலித் தண்ணியும் ஊத்துத் தண்ணியும் பெரும்பாலும் மென்தண்ணி, வெள்ளையா படியுறது அவ்வளவா கெடையாது. நம்ம தலவலி தேங்கா எண்ண. அது 24 டிகிரிக்கு கீழ போனா உறைஞ்சிடும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்துல இருக்கு, வருஷ சராசரியே 16 டிகிரி கிட்டத்தான். கொழும்புல பொரிச்ச சட்டிய கழுவுனா எண்ண தண்ணியோட ஓடிப் போயிடும், இங்க சிங்க்க தாண்டி குளிர்ந்த பைப்புக்குள்ள போனதுமே கட்டியாகி ஒட்டிக்கும், அதுல தேயிலச் சக்கையும் சோத்துப் பருக்கையும் வந்து சிக்கும், மூணு மாசத்துல தண்ணி இறங்க மறுக்கும்.

அதனால முதல் போட்டி அப்பச்சோடாவுக்கும் வினாகிரிக்கும். ரெண்டையும் சேத்து ஊத்துறது ரெண்டையும் வீணாக்குற வேல. ஒன்னு காரம், மத்தது அமிலம், சேந்த உடனே ஒன்ன ஒன்னு அழிச்சிக்கிட்டு மிச்சமா காபனீரொட்சைட்டு நுரையும் லேசான உப்புத் தண்ணியுந்தான் நிக்கும். அந்த நுரைக்கு உறைஞ்ச எண்ணய அசைக்கிற பலம் கெடையாது. தனித்தனியா பாத்தா நமக்கு அப்பச்சோடாதான் மேல். கொஞ்சம் தண்ணி விட்டு பசை மாதிரி கொழைச்சு சில்வர் சிங்க்ல தேத்தண்ணிக் கறை உள்ள எடத்துல பூசி ஒரு கால் மணித்தியாலம் விட்டு ஈரத் துணியால தேச்சா கறை போயிடும், கீறலும் விழாது. நம்ம வீடுகள்ல காலையில இருந்து ராத்திரி வரைக்கும் தேத்தண்ணிதான், மிச்ச சாயம் எல்லாம் சிங்க்குக்குத்தான் போகுது, அதனால இந்த ஒரு வேலைக்காகவே குசினியில அப்பச்சோடா இருக்கணும். வினாகிரியும் தேசிக்காயும் ஜெயிக்கிற ஒரே எடம் ஆரஞ்சு நெறத்துல இரும்புக் கறை விழுற வீடுகள். சில எடத்துத் தண்ணியில இரும்பு அதிகம், அங்க தேசிக்காய் பாதிய வெச்சு தேச்சு அஞ்சு நிமிஷத்துல நல்லா கழுவி விட்டுறணும். பழைய வீடுகள்ல உள்ள சீமெந்து சிங்க்குக்கு மட்டும் புளிப்பு எதுவுமே வேணாம், சீமெந்த அரிச்சு மணல் மணலா உதிர வெச்சிடும்.

அடுத்தது சாம்பலும் விம்மும். வெறகடுப்பு உள்ள வீடுகள்ல இன்னமும் சாம்பல் காசில்லாம கெடைக்குது, அதுல உள்ள காரம் எண்ணப் பிசுக்க வெட்டும், இத யாரும் பழைய காலத்து வேலன்னு கேவலமா நெனைக்க வேணாம். சலிச்ச சாம்பலும் தேங்காத் தும்பும் இருந்தா கரிப்பிடிச்ச சட்டிக்கும் சீமெந்து சிங்க்குக்கும் அத மிஞ்ச ஒன்னும் இல்ல. சில்வர் சிங்க்குக்கு ஆகாது, பொடிக்கரி கீறி மங்கலாக்கிடும், அதுக்கு விம் லிக்விட்டும் ஸ்பொஞ்சும் போதும். சாம்பல பைப்புக்குள்ள விட்டுறாதீங்க, அது ட்ரேப்புல, அதாவது சிங்க்குக்கு அடியில தண்ணி தங்கி நிக்கிற பைப் துண்டுல போய் சேறா படியும், வழிச்செடுத்து வெளியில கொட்டிட்டு அப்புறம் கழுவுங்க. கம்பி நூலும் சில்வர் சிங்க்குக்கு வேணாம், அதோட துணுக்கு ஒட்டிக்கிட்டு ரெண்டு நாள்ல துருப் புள்ளியா தெரியும்.

இப்ப அடைப்புக்கு வருவோம், இதுலதான் ஆக்கள் ஆபத்துல மாட்டுறாங்க. ஹார்ட்வெயார் கடையில காஸ்டிக் சோடா கேட்ட உடனே குடுத்துடுறாங்க. அது எண்ணய சவர்க்காரமா மாத்தி கரைக்குறது உண்மைதான், தண்ணி பட்டதும் தானா கொதிக்குறதும் உண்மை, ஆனா கண்ணுல ஒரு துளி தெறிச்சா பார்வையே போகலாம். போடத்தான் வேணும்னா தண்ணிக்குள்ள காஸ்டிக்க கொஞ்சம் கொஞ்சமா போடணும், காஸ்டிக் மேல தண்ணி ஊத்தவே கூடாது, கையுறையும் கண்ணாடியும் வேணும், அலுமினிய பாத்திரத்துல கலக்கவும் கூடாது. பைப் முழுசா அடைச்சிருந்தா அது இறங்காம அப்பிடியே நிக்கும், பொறகு பைப்ப கழட்ட வர்ற பைப் வேலைக்கார பாஸுக்கு கை வெந்துடும். இன்னொன்னும் இருக்கு. தோட்டத்து லயத்து வீடுகள் பக்கம் சிங்க் தண்ணி நேரா கானுக்குத்தான், அதாவது வெளியில ஓடுற வடிகாலுக்குத்தான் போகுது, கான் ஆத்துக்குப் போகுது, கீழ ஆளுங்க குளிக்கிறாங்க. எனக்கு இந்த சாமானுல துளியும் விருப்பம் இல்ல.

அதுக்கு எதிரா நான் நிறுத்துறது சுடுதண்ணி. ஆனா கொதிக்கக் கொதிக்க ஊத்தாதீங்க, பிவிசி பைப் 60 டிகிரிக்கு மேல இளக ஆரம்பிச்சிடும், பாத்ரூம் பேசின்ல ஊத்துனா குளிர்ந்த பீங்கான் வெடிக்கலாம். நுவரெலியா உயரத்துல தண்ணி 94 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், அதோட பச்சத்தண்ணி அரைக்கு அரை கலந்தா 55 கிட்ட நிக்கும், தேங்கா எண்ண உருக அது தாராளம். முதல்ல பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு மூணு கரண்டி ஓட்டைக்குள்ள விட்டு, பொறகு இந்தத் தண்ணிய ஒரு வாளி நிறைய மெதுவா ஊத்துங்க. கெழமைக்கு ஒருக்கா இத செஞ்சா அடைப்பே வராது. பொரிச்ச எண்ணய பழைய பேப்பரால தொடைச்சிட்டு சட்டிய கழுவுற பழக்கம் இதவிடவும் மேல்.

பாத்ரூம் பேசின்ல எண்ண இல்ல, முடியும் பேஸ்டும் சவர்க்காரமுந்தான். முடிக்கு அப்பச்சோடாவும் வினாகிரியும் வேல செய்யாது, கொக்கி வெச்ச பிளாஸ்டிக் பட்டிய விட்டு இழுக்குறதுதான் நல்ல வழி. மிஸ்ட் காலத்துல பேசின் ஓரத்துல வர்ற கறுப்புப் பூஞ்சணத்துக்கு மட்டும் ப்ளீச்ச முதலிடத்துல வெப்பேன், தண்ணி கலந்து துணியில நனைச்சு ஒரு பத்து நிமிஷம் ஒட்டி வெச்சு கழுவுனா போதும். சில்வர் சிங்க்ல அத ஊற விட்டா குழி குழியா அரிச்சிடும். ப்ளீச்சோட வினாகிரி, தேசிக்காய், ஹார்பிக் மாதிரி டொய்லட் அசிட் எதுவுமே சேரக் கூடாது, குளோரின் வாயு வரும், குளிருக்கு ஜன்னல சாத்தி வெச்சிருக்குற நம்ம சின்ன பாத்ரூம்கள்ல அது நெஞ்ச அடைச்சிடும். ஜன்னல தெறந்துட்டு செய்ங்க, பிள்ளைங்கள வெளிய அனுப்பிடுங்க.

எதுக்கும் அசையாத அடைப்புக்கு ட்ரேப்ப கழட்டுறதுதான் எல்லாத்தையும்விட நல்லது, காசும் இல்ல மருந்தும் இல்ல. ஆக்கள் ஏன் பயப்படுறாங்கன்னு தெரியல, பொட்டில் ட்ரேப் கையாலயே சுத்தி கழட்டுற சாமான். கீழ வாளி வெச்சுக்குங்க, அடிமூடிய சுத்தி எடுத்தா சக்கையெல்லாம் வாளியில விழும், பழைய ப்ரஷால கழுவி, வொஷர் கிழிஞ்சிருக்கான்னு பாத்து திரும்ப மாட்டுங்க. ரொம்ப இறுக்குனா மூடியோட திருகு புரி தேஞ்சிடும், கையால முடிஞ்ச அளவு போதும். மாட்டுனதும் தண்ணி திறந்து விடுங்க, வாசம் மேல வராம தடுக்குறதே உள்ள நிக்கிற அந்தத் தண்ணிதான், அப்புறம் காஞ்ச பேப்பரால சுத்தி ஒத்தி ஈரம் படுதான்னு பாருங்க, பட்டா வொஷர் நேரா உக்காரல, கழட்டி திருப்பிப் போடுங்க.