மருந்து குடுக்குற சிரிஞ்ச் செட் – மூணு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

முதல்லயே சொல்லிடுறேன், ஊசி போடுற சிரிஞ்ச் இல்ல. வாய் வழியா மருந்து குடுக்கறதுக்குன்னே வர்ற ஓரல் சிரிஞ்ச். செட்ல 5 எம்எல் ஒண்ணு, 1 எம்எல் ஒண்ணு, பாட்டில் வாயில சொருகுற ரப்பர் மூடி மாதிரி ஒரு அடாப்டர் ரெண்டு. நாலு ஸ்டார் குடுக்கறேன், அந்த அஞ்சாவது ஸ்டார் ஏன் போச்சுன்னு கீழ வருது.

இத்தனை நாளா பாட்டிலோட வர்ற அந்த பிளாஸ்டிக் கப்புலதான் அளந்துட்டு இருந்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு பையன் காய்ச்சல்ல அனத்துறான், ஒரு கையில அவன், ஒரு கையில கப்பு, கண்ணுக்கு நேரா தூக்கிப் பார்த்தா சரியா இருக்குற மாதிரி தெரியும், டேபிள்ல வச்சு குனிஞ்சு பார்த்தா கோட்டுக்கு மேல நிக்கும். 10 எம்எல் ஊத்தும்போது அரை எம்எல் முன்ன பின்ன போனா பெருசா தெரியாது, 2.5 எம்எல் ஊத்தும்போது அதே அரை எம்எல் அஞ்சுல ஒரு பங்கு. அதுவும் பிசுக்குனு கப்புலயே ஒட்டிக்குறது வேற. 2016-ல அமெரிக்காவுல 2,000 பெற்றோருக்கு மேல மருந்து அளக்கச் சொல்லிப் பார்த்த ஒரு ஆய்வுலயும் இதேதான் வந்துச்சு, சிரிஞ்சை விட கப்புலதான் தப்பு அதிகம், டோஸ் சின்னதா இருந்தா இன்னும் அதிகம். சமையல் ஸ்பூனைப் பத்தி பேசவே வேணாம். டீஸ்பூன்னா 5 எம்எல், டேபிள் ஸ்பூன்னா 15 எம்எல்னு கணக்கு, ஆனா டப்பாவுல கிடக்குற ஸ்பூன் எதுக்கும் அந்தக் கணக்கு தெரியாது.

இந்த செட்ல எனக்குப் பிடிச்சது சிரிஞ்ச் கூட இல்ல, அந்த அடாப்டர்தான். பாட்டில் வாயில அழுத்தி சொருகிட்டா அப்படியே கிடக்கும், மேல ஒரிஜினல் மூடியைப் போட்டுக்கலாம். முதல்ல பாட்டிலை நல்லா குலுக்கணும். அப்புறம் சிரிஞ்சை சொருகி, பாட்டிலைத் தலைகீழா கவுத்து, பிளஞ்சரை, அதாவது உள்ள இழுத்துத் தள்ளுற தண்டை, மெதுவா இழுத்தா மருந்து இறங்கும். முதல் தடவை ஒரு பெரிய காத்துக் குமிழ் வரும், அதை அளவுல சேர்த்துட்டா டோஸ் குறைஞ்சுபோகும். குமிழ் வந்தா மருந்தைத் திரும்ப பாட்டிலுக்குள்ளயே தள்ளிட்டு மறுபடி இழுக்கணும், ரெண்டு தடவையில சரியாகிடும். பிளஞ்சர் ரப்பரோட முன் ஓரம், அதாவது நுனிப் பக்கம் இருக்குற ஓரம், எந்தக் கோட்டைத் தொடுதோ அதுதான் அளவு, பின்னாடி ஓரம் இல்ல. எங்க வீட்டுக்காரர் ஒரு வாரம் பின்னாடி ஓரத்தைப் பார்த்துதான் குடுத்துட்டு இருந்திருக்காரு. ‘ஏங்க, இத்தனை நாளும் கம்மியாவா குடுத்தீங்க’ன்னு கேட்டதுக்கு, ‘கம்மிதானே, அதிகம் இல்லையே’ன்னு ஒரு பதில். ஆன்டிபயாடிக்குக்கு கம்மியும் தப்புதான்னு அவருக்குப் புரிய வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

குடுக்கறதும் ஈஸி. நேரா தொண்டைக்குள்ள பீச்சக் கூடாது, புரை ஏறும். பிள்ளையைப் படுக்க வைக்காம உக்கார வச்சு, கன்னத்து உள்பக்கமா நுனியை வச்சு கொஞ்சம் கொஞ்சமா தள்ளி, முழுங்க விட்டு அடுத்தது. சின்னவ முதல் நாள் துப்புனா, மூணாவது நாள் நான் தள்ளுறேன்னு அவளே பிளஞ்சரைப் பிடிக்க வந்துட்டா. நுனியில ஒரு குட்டி மூடி வரும், அதைக் கழட்டின உடனே தூக்கிப் போட்டுடுங்க, பிள்ளை வாயில போனா மூச்சடைக்கும்.

இப்ப சிரிஞ்சுக்கு சம்பந்தமே இல்லாத, ஆனா சொல்லியே ஆகவேண்டிய ஒரு விஷயம். பவுடரா வந்து நாம தண்ணி கலந்து குடுக்குற ஆன்டிபயாடிக் சஸ்பென்ஷன்ல நீங்க கலக்குறதுல கோட்டை விட்டா எவ்வளவு நல்ல சிரிஞ்ச் வச்சு அளந்தாலும் வேஸ்ட். நான் விட்டேன். போன வருஷம் அவசரத்துல தண்ணியை ஒரே தடவையில கோடு வரைக்கும் ஊத்தி குலுக்குனேன், மேல பூரா நுரை, கீழ பவுடர் கட்டியா ஒட்டிக்கிச்சு, நான் கவனிக்கல. நாலாவது நாள் அடியில அந்த வண்டலைப் பார்த்தப்பதான் உறைச்சது, முதல் மூணு நாள் தண்ணியா குடுத்திருக்கேன், மிச்சத்துல மருந்து தூக்கலா நிக்குது. டாக்டருக்கு போன் போட்டு வேற பாட்டில் வாங்குனோம். சரியான முறை என்னன்னா, தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடியே பாட்டிலைத் தட்டி பவுடரை உதிரியாக்கணும், காய்ச்சி நல்லா ஆறின தண்ணி பாதி ஊத்தி குலுக்கணும், நுரை அடங்கின பிறகு பார்த்தா மட்டம் இறங்கியிருக்கும், அப்ப கோடு வரைக்கும் ஊத்தி மறுபடி குலுக்கணும். பாட்டிலோட தண்ணி ஆம்பியூல் (கலக்குறதுக்கான தண்ணி அடைச்ச குட்டிக் குப்பி) குடுத்திருந்தா அதை மட்டும்தான் ஊத்தணும். கலக்குன தேதியை லேபிள்ல பேனாவால எழுதிடுங்க, நிறைய சஸ்பென்ஷன் கலக்குன பிறகு 7 நாள்தான். எல்லாத்தையும் ஃப்ரிட்ஜ்ல தள்ளவும் கூடாது, அமாக்ஸிசிலின் கிளாவுலனேட் உள்ள போகணும், கிளாரித்ரோமைசின் வெளியதான் இருக்கணும், லேபிளைப் பார்த்துக்கோங்க.

இன்னொரு விஷயம், இந்த சிரிஞ்சுக்கு எம்எல் மட்டும்தான் தெரியும். பாராசிட்டமால் ட்ராப்ஸ்ல 1 எம்எல்லுக்கு 100 எம்ஜி, சிரப்ல 5 எம்எல்லுக்கு 120 எம்ஜின்னு வருது, 250 எம்ஜி சிரப்பும் இருக்கு. டாக்டர் 150 எம்ஜின்னு எழுதினா ட்ராப்ஸ்ல அது 1.5 எம்எல், 120 சிரப்ல 6.25 எம்எல். சிரப் கணக்கை ஞாபகம் வச்சுட்டு ட்ராப்ஸை 6.25 இழுத்தா நாலு மடங்குக்கு மேல போயிடும். மாமியார் ‘எத்தனை எம்எல்மா குடுக்கணும்’னு ரூம்லேர்ந்து கேட்டா நான் இப்ப நம்பர் சொல்றதே இல்ல, ‘அத்தை, எந்த பாட்டில் கையில இருக்கு, அதைப் படிங்க’ன்னுதான் கேக்குறேன். அவங்களுக்கு கோவம்தான், பரவால்ல.

வீட்ல இருக்குற ஊசி சிரிஞ்ச் போதாதான்னு கமெண்ட்ல கேப்பீங்க. ஓரல் சிரிஞ்ச் நுனியில ஊசி மாட்ட முடியாது, வாய்க்குப் போகவேண்டியது தப்பித்தவறி நரம்புல போகக்கூடாதுன்னுதான் அப்படி செஞ்சிருக்காங்க. அதனால இதுதான் சேஃப்.

ஸ்டார் குறைஞ்சதுக்கு காரணம்: சுடு தண்ணில கழுவிக் கழுவி 5 எம்எல் சிரிஞ்சுல 3-க்கு மேல இருக்குற கோடெல்லாம் மங்கிடுச்சு. பிளஞ்சரும் இறுகிப்போய் தள்ளுனா திடீர்னு பீச்சி அடிக்குது. அடாப்டர் எங்க வீட்ல இருக்குற அகல வாய் பாட்டில்ல நிக்கவே மாட்டேங்குது. கெட்டியான சிரப்பும் 1 எம்எல் சிரிஞ்சுல ஏற மாட்டேங்குது, அது ட்ராப்ஸுக்கு மட்டும்தான். கழட்டி சோப்புத் தண்ணில கழுவி தனித்தனியா காய வச்சா கொஞ்சம் கூடுதல் நாள் வருது.

கோடு மங்கினதை நேத்துதான் குப்பையில போட்டேன், மார்க்கர்ல திரும்ப வரைஞ்சுக்கலாம்னு வீட்டுக்காரர் ஐடியா குடுத்தாரு, வேண்டாம்னுட்டேன். புது செட் ஆர்டர் போட்டாச்சு, 5 எம்எல் ரெண்டு, அகல வாய் அடாப்டரோட.