கலோரி எண்ணா, உப்புக் குறியா, எழுத்துத் தரமா? ஹோட்டல் மெனுவில் எது உதவும்

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பதினான்கு வருடம் ஆகிறது, பிரஷர் மாத்திரையும் உண்டு. போன மாதம் சென்னையில் நிறையக் கிளைகள் வைத்திருக்கும் ஒரு டிபன் ஹோட்டலுக்குப் போயிருந்தோம். மெனு கார்டில் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் பக்கத்தில் கலோரி எண் போட்டிருந்தார்கள். அப்பா அதைப் பார்த்தார், ஆனால் சர்வரிடம் கேட்டது வேறு: "சாம்பார்ல வெல்லம் போடுவீங்களாப்பா?" "தெரியலீங்க சார், மாஸ்டரைத்தான் கேட்கணும்" என்று சொல்லிப் போனவர் பதிலோடு திரும்பவில்லை. நாலு மேசை பார்க்கிறவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அந்தக் கார்டில் அத்தனை எண்கள் இருந்தும் அப்பாவுக்கு வேண்டிய ஒரே பதில் இல்லை.

ஹோட்டல்கள் சத்து விவரம் தர வேண்டுமா என்றால் தரத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த விவரத்தை, எப்படித் தருவது என்பதில்தான் ஒவ்வொரு நாடும் ஒரு வழியில் போகிறது.

முதலில் கலோரி எண். 2022 ஜூலை முதல் இந்தியாவில் மத்திய உணவுப் பாதுகாப்பு உரிமம் உள்ள ஹோட்டல்களும், 10 அல்லது அதற்கு மேல் கிளை உள்ளவையும் ஒரு பரிமாறலுக்கு எத்தனை கிலோ கலோரி என்று மெனுவில் போட வேண்டும். அமெரிக்காவில் 20 அல்லது அதற்கு மேல் கிளை உள்ள சங்கிலி உணவகங்களுக்கு 2018 மே முதல் இதே சட்டம், இங்கிலாந்தில் 250 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ளவற்றுக்கு 2022 ஏப்ரலிலிருந்து. பலன் என்ன? பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2025-ல் வெளியிட்ட தொகுப்பு, கலோரி எண்ணைப் பார்ப்பவர்கள் 600 கிலோ கலோரி உள்ள சாப்பாட்டில் சராசரியாக 11 கிலோ கலோரி குறைத்துக்கொள்கிறார்கள் என்கிறது. கால் தேக்கரண்டி எண்ணெய் அளவு. தினமும் வெளியே சாப்பிடும் கோடிக்கணக்கான பேரைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் அதுவும் பெரிதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எண் நம் டிபனுக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது. பர்கருக்குள் போவது எடை போட்டு வந்த துண்டு. நெய் ரோஸ்ட்டோ கல்லின் முன்னால் நிற்கும் மாஸ்டரின் கையில் இருக்கிறது; அவர் ஒரு தேக்கரண்டி நெய் கூடுதலாக விட்டால் ஏறத்தாழ 45 கிலோ கலோரி ஏறிவிடும். அப்புறம் சாம்பார் வாளி. இரண்டு இட்லிக்கு எண் போட்டுவிடலாம், வாளி எத்தனை முறை மேசைக்கு வந்து போனது என்பதை எந்த மெனு சொல்லும்?

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. இங்கிலாந்தில் சட்டம் வந்தபோது, உணவுக் கோளாறால் அவதிப்படுகிறவர்களுக்காக வேலை செய்யும் பீட் என்ற தொண்டு அமைப்பு அதைக் கடுமையாக எதிர்த்தது. ஒவ்வொரு வாயையும் எண்ணி எண்ணிப் பட்டினி கிடக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த எண் ஆறுதல் தராது, பயத்தைத்தான் தரும். கேட்பவர்களுக்கு எண் இல்லாத மெனுவைக் கொடுக்க அங்கே சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நம் ஊரிலும் அப்படி ஒரு கார்டு வைத்திருப்பதில் என்ன கஷ்டம்?

அடுத்தது நியூயார்க் நகரத்தின் வழி. 2015 டிசம்பரில் தொடங்கியது. 2,300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சோடியம் உள்ள பண்டத்துக்குப் பக்கத்தில், சங்கிலி உணவகங்கள் ஒரு முக்கோணத்துக்குள் உப்புக் குப்பி படம் போட வேண்டும். அந்த அளவு கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு நாள் முழுவதுக்கும் அவ்வளவுதான் எல்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது, ஏனென்றால் கணக்குப் போட வேண்டாம், வாசிக்கக்கூட வேண்டாம், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த அப்பாவுக்கும் புரியும். குறை என்னவென்றால் 2,200 மில்லிகிராம் உள்ளது குறியே இல்லாமல் தப்பிவிடும். நம் சாப்பாட்டில் அது இன்னும் மோசம்: சாம்பார், ரசம், கூட்டு, அப்பளம், ஊறுகாய் என்று தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே எல்லையைத் தொடாது, ஒரே இலையில் சேர்ந்தால் எளிதாகத் தாண்டிவிடும். அதனால் இங்கே கொண்டுவந்தால் முழுச் சாப்பாட்டையும் ஒரே பண்டமாகக் கணக்கிட வேண்டும், எல்லையையும் இன்னும் கீழே இறக்க வேண்டும்.

சிங்கப்பூர் பானங்களில் கை வைத்தது. அவர்களுடைய நியூட்ரி-கிரேட் முறையில் சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் பார்த்து ஏ முதல் டி வரை தரம் கொடுக்கிறார்கள், இரண்டில் எது மோசமோ அதுதான் நிற்கும். 2022 டிசம்பர் கடைசியில் பாட்டில், டப்பா பானங்களுக்கு வந்தது, ஒரு வருடம் கழித்து கடையில் கலந்து தரும் காபி, டீ, பபுள் டீ வரை நீட்டினார்கள். சி, டி தரங்களைக் கட்டாயம் காட்ட வேண்டும், டி வாங்கியதற்கு விளம்பரமே கூடாது. குடிக்கிறவர் அந்த எழுத்தைப் பார்த்து மாறினாரோ இல்லையோ, தயாரிப்பவர்கள் மாறிவிட்டார்கள்: பாட்டில், டப்பா பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு 2017-ல் 7.1 சதவீதமாக இருந்தது, 2023-ல் 4.6 சதவீதத்துக்கு இறங்கியது. சட்டம் வருகிறது என்று தெரிந்ததுமே கலவையை மாற்றத் தொடங்கிவிட்டார்கள். என் கணக்கில் மூன்றில் இதுதான் பலமானது, ஏனென்றால் பசியோடு உட்கார்ந்திருப்பவரின் மனவுறுதியை மட்டும் நம்பி இது நிற்கவில்லை.

சரி, எதுவும் கட்டாயம் வேண்டாம், கேட்டால் சொன்னால் போதும் என்பவர்கள் உண்டு. கேட்டால் பதில் கிடைக்கும் என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். அமெரிக்கச் சட்டத்தில் கலோரி எண்ணோடு இன்னொரு பகுதியும் இருக்கிறது: சோடியம், சர்க்கரை, நார்ச்சத்து, புரதம் எல்லாம் எழுதிய விவரம் கடையில் தயாராக இருக்க வேண்டும், யார் கேட்டாலும் காட்ட வேண்டும். எனக்கு வேண்டியது அந்தத் தாள்தான். அப்பாவைப் போல சர்க்கரையோடு வாழ்கிறவர்கள் இந்தியாவில் 10.1 கோடிப் பேர் என்று சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2023-ல் மதிப்பிட்டார்கள். அவர்கள் வீட்டில் யாரோ ஒருவர் ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் கெஞ்சிக்கொண்டிருக்க முடியாது.

பத்துக் கிளை இல்லாத தெருமுனை மெஸ்ஸை இந்தச் சுமையிலிருந்து விட்டுவைத்தது நியாயமே. செலவு பெரிதாக ஆகும் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் 528 உணவுப் பொருள்களுக்கு அட்டவணை போட்டிருக்கிறது, எதை எவ்வளவு போடுகிறோம் என்று தெரிந்தால் ஆய்வுக்கூடம் போகாமலே தோராயமாகக் கணக்கிடலாம். மெஸ்காரர் அதைக்கூடச் செய்ய வேண்டாம். 'சாம்பாரில் வெல்லம் உண்டு', 'இன்று வேர்க்கடலைச் சட்னி' என்று கரும்பலகையில் எழுதினால் போதும். கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளையைக் கூட்டிவரும் தாய்க்கு எந்தக் கலோரி எண்ணையும் விட அந்த ஒரு வரி பெரிது.

ஆக, பெரிய ஹோட்டல்களுக்கு உப்புக் குறியும் காபி, டீ, ஜூஸுக்கு எழுத்துத் தரமும் முதலில் வரட்டும், கல்லாவில் அந்த விவரத் தாள் இருக்கட்டும், கலோரி எண் அதற்குப் பின்னால் நிற்கட்டும். அடுத்த வாரம் அதே ஹோட்டலுக்கு மறுபடி போகிறோம். மேலாளரிடம் கொடுக்க மூன்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன்: சாம்பாரில் வெல்லம் உண்டா, ஒரு பிளேட் பொங்கலில் எத்தனை கிராம் உப்பு, இந்த இரண்டையும் மெனுவில் எப்போது போடுவீர்கள்?