ஜூலையில் லேயா, மணாலியா?

ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு என்றால் யோசிக்கவே வேண்டாம், லேவுக்குப் போங்கள். லடாக்கில் இருக்கும் லே, இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் மணாலி, இரண்டு ஊரும் இமயமலையில்தான் இருக்கின்றன, ஆனால் பருவமழை மேகங்கள் தெற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால் மலை தாண்டி லே பக்கம் வரும்போது அவற்றில் ஈரமே மிச்சமிருப்பதில்லை. மணாலியில் வருடத்துக்கு 1000 மி.மீட்டருக்கு மேல் மழை, லேயில் சுமார் 100 மி.மீ. தான்.

வெப்பநிலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஜூலைப் பகலில் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய 25 டிகிரிதான். ஆனால் மணாலியில் துவைத்துப் போட்ட சாக்ஸ் மூன்று நாள் ஆனாலும் பிசுபிசுவென்றே கிடக்கும், லேயில் காலையில் காயப்போட்ட துண்டை மதியத்துக்குள் மொறமொறவென்று மடித்து வைத்துவிடலாம். ஈரம் மட்டும் பிரச்சினை இல்லை, 2023 ஜூலையில் பியாஸ் ஆறு பெருக்கெடுத்துக் குல்லு-மணாலி சாலையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. அதற்காக லேயில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், 2010 ஆகஸ்டில் அங்கே மேகவெடிப்பில் எத்தனையோ உயிர்கள் போயின. இருந்தாலும் அந்த மாதங்களில் மணாலி மலைச்சாலைதான் எனக்கு அதிக பயம்.

லேயின் சிக்கல் வேறு. உயரம் சுமார் 3500 மீட்டர். விமானத்தில் போய் இறங்கினால் மாடிப்படி ஏறுவதற்கே மூச்சு வாங்கும், தலை வலிக்கும், அதனால் முதல் இரண்டு நாள் அறையிலேயே ஓய்வெடுத்தே ஆகவேண்டும். வெயிலில் நின்றால் முகம் எரியும், அப்படியே நாலடி தள்ளி நிழலுக்குப் போனால் ஸ்வெட்டர் தேடுவீர்கள். மணாலி 2000 மீட்டர் சொச்சம்தான், இந்தத் தொல்லை பெரிதாக இருக்காது. வயதான அப்பா அம்மாவை, கைக்குழந்தையைக் கூட்டிப் போகிறீர்களா? மே, ஜூன் முதல் பாதியில் மணாலி போய்விடுங்கள்.

குளிர்காலத்தில் மணாலிதான். ஜனவரி இரவில் லேயில் மைனஸ் 15 டிகிரி வரை சாதாரணமாக இறங்கும், குழாயில் தண்ணீர் உறைந்துவிடும், பாதி ஓட்டல்கள் பூட்டிக் கிடக்கும். மணாலியில் பனியும் பார்க்கலாம், அறையும் கிடைக்கும், 2020இல் திறந்த 9 கி.மீ. அடல் சுரங்கம் வழியாகச் சாலை திறந்திருக்கும் நாளில் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிஸ்ஸு கிராமம் வரைக்கும் போய் வரலாம்.

என்னைக் கேட்டால் செப்டம்பர் லேதான். வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருக்கும், மாதக் கடைசியில் பாப்ளர் மரங்கள் மஞ்சளாக ஆரம்பிக்கும். ராத்திரி குளிருக்குக் கனமான ஜாக்கெட் ஒன்று, உதட்டு வெடிப்புக்குக் கொஞ்சம் வாஸலின், இரண்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.