ஃபிஜியில் படகே வீடாக: எது உழைத்தது, எது ஊருக்கு உதவியது

நானும் மனைவியும் 38 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகில் ஃபிஜியில் குடியிருக்கத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. மே முதல் அக்டோபர் வரை தீவு தீவாகப் போவோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அப்போது படகைக் கரையேற்றி, தரையில் வெட்டிய குழிக்குள் அதன் அடிக்கட்டையை இறக்கி, சுற்றிலும் டயர்களை முட்டுக்கொடுத்து நிறுத்திவிடுவார்கள். வூண்டா மரீனா என்ற படகுத்துறையில் இதற்கென்றே குழிகள் உண்டு.

படகுச் சாமான் எதுவும் வாங்கின புதிதில் நன்றாகத்தான் ஓடும். உப்பு ஏறி, நட்டு போல்ட் எல்லாம் இறுகிப்போன பிறகு எது தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் விஷயம். எங்கள் அனுபவத்தில், நாங்களே கழற்றிப் பூட்ட முடிந்த சாமான்கள்தான் நின்றன. ஊருக்கு உதவியதும் அவைதான்.

முதலில் வாட்டர்மேக்கர், அதாவது கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின். வீட்டு ஆர்.ஓ. மாதிரிதான். ஆனால் கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருப்பதால் அழுத்தம் சுமார் 55 பார் வேண்டும். வீட்டு மெஷினைப்போல் பத்து மடங்கு. எங்களுடையது 12 வோல்ட்டில் ஓடுவது. மணிக்கு 30 லிட்டர் தரும், 10 ஆம்பியர் இழுக்கும். வெயில் இருந்தால் சோலார் பேனலே பார்த்துக்கொள்ளும். தண்ணீர் ருசியில் குறை சொல்ல முடியாது.

குறை அதன் மூளையில்தான். உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பிரேனைத் தானாகவே கழுவிவிடும் எலெக்ட்ரானிக் போர்டு உப்புக்காற்றில் பச்சை பூத்துச் செத்துப்போனது. விற்ற கடைக்கு எழுதினால், போர்டை மட்டும் தனியாகத் தர மாட்டோம், மெஷினை அனுப்புங்கள் என்றார்கள். ஃபிஜியின் கிழக்கோரத்து லாவ் தீவுகளிலிருந்து எங்கே அனுப்புவது? மாதத்துக்கு ஒரு கப்பல் வந்தாலே பெரிய விஷயம். போர்டைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒரு சாதா சுவிட்சை வைத்தேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. புதிதாக வாங்குபவர்கள் "ஆட்டோமேட்டிக்" என்ற சொல்லுக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்காதீர்கள். துறைமுகத்துக்குள் மெஷினை ஓட்டவும் வேண்டாம், மிதக்கும் டீசல் மெம்பிரேனைக் கெடுத்துவிடும். டவுன் குழாய்த் தண்ணீரை நேராக விட்டுக் கழுவினாலும் அதே கதி, அதில் குளோரின் இருக்கிறது. நடுவில் ஒரு கரி ஃபில்டர் போட்டால் போதும்.

இந்த மெஷினை வைத்து ஒரு கிராமத்துக்கே தண்ணீர் கொடுக்கலாம் என்ற ஆசை படகுக்காரர்கள் எல்லோருக்கும் வரும். கணக்குப் போட்டால் அடங்கிவிடும். நூறு பேர், குடிக்க மட்டும் ஆளுக்கு மூன்று லிட்டர் என்றாலே தினம் பத்து மணி நேரம் ஓட்ட வேண்டும். லாவின் சுண்ணாம்புக்கல் தீவுகள் பலவற்றில் ஓடையோ ஆறோ கிடையாது. தகரக் கூரையில் விழும் மழைதான் பீலி வழியாகத் தொட்டிக்கு வருகிறது. ஆகவே புயலில் கூரை பறந்தால் வீடு மட்டுமல்ல, தண்ணீரும் போச்சு. 2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் புயல் அடித்தபோது பல தீவுகளில் நடந்தது அதுதான். ஸீ மெர்ஸி போன்ற தொண்டு அமைப்புகள் அப்போது தனியார் படகுகளைத் திரட்டி நிவாரணம் கொண்டுபோயின. அந்த மாதிரி நேரத்தில் மெஷின் தண்ணீர் உயிர்த்தண்ணீர். சாதாரண நாளில் பீலியைச் சரிசெய்து தருவதுதான் உபயோகம். உடைந்த பீலிக்கு ஒரு பி.வி.சி. மூட்டு, ஒரு டியூப் சீலன்ட், தொட்டி வாயில் கொசுவலைத் துண்டு. ஒரு நல்ல மழை பெய்தால் எங்கள் மெஷின் பல நாள் ஓடி எடுப்பதை அந்தக் கூரை ஒரே ராத்திரியில் பிடித்துவிடும்.

ஆனால் எதைச் செய்வதற்கு முன்னாலும் செவுசெவு. நங்கூரம் போட்டதும் கரைக்குப் போய், ஊர்த்தலைவரிடம் யங்கோனா, அதாவது காவா பானம் தயாரிக்கும் வேர்க்கட்டையை வைத்து அனுமதி கேட்கும் சடங்கு அது. அரைக் கிலோ போதும். பொடியாக இல்லாமல் வேராகவே கொடுப்பது மரியாதை. தொப்பியும் கூலிங் கிளாஸும் கூடாது, ஆணும் பெண்ணும் முட்டிக்குக் கீழே மறைய வேட்டி மாதிரி சுலு கட்ட வேண்டும். வேட்டி கட்டிப் பழகின எனக்கு அதில் கஷ்டமே இல்லை. பிறகு துராங்கா-நி-கோரோ, அதாவது ஊர்ப் பொறுப்பாளரிடம் "எங்களிடம் இந்தக் கருவிகள் இருக்கின்றன, ஏதாவது வேலை இருக்கிறதா?" என்று கேட்போம். கொண்டுவந்ததை ஆளாளுக்கு நீட்டும் படகுகளும் உண்டு. அவை போன பிறகு ஊருக்குள் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று மனத்தாங்கல் மிஞ்சும். பொறுப்பாளர் கையில் கொடுத்தால் பங்கிடுவது அவர் பாடு.

நிறைய வரும் வேலை சோலார். வீட்டுக்கு ஒரு பேனல், ஒரு பேட்டரி, இரண்டு மூன்று விளக்கு. "பேட்டரி செத்துப்போச்சு" என்பார்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பல இடங்களில் பேட்டரியில் கோளாறே இருக்காது. முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கும், அவ்வளவுதான். வெந்நீர் ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் தடவினால் விளக்கு எரியும். பக்கத்தில் ஊர்ப் பையன் ஒருவனை உட்கார வைத்து மீட்டரை அவன் கையிலேயே கொடுத்துவிடுவேன். அடுத்த வீட்டில் அவன் செய்வான், நான் டீ குடிப்பேன். ஒரு விஷயம்: பேட்டரிக்கு ஊற்ற எங்கள் வாட்டர்மேக்கர் தண்ணீரைக் கேட்பார்கள். கொடுக்கக் கூடாது. குடிக்க நல்லதாக இருந்தாலும் அதில் கொஞ்சம் உப்பு மிஞ்சியிருக்கும். சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் நேராகப் பிடித்த மழைநீர் அதைவிட மேல்.

இந்தப் படகில் போட்ட காசுக்கு ரொம்ப உழைத்தது எது என்றால் தையல் மெஷின்தான். கனமான இரும்பு மெஷின், கையால் சுற்றுவது, பாய்த்துணி கிழிந்தால் தைக்க என்று வாங்கினோம். மனைவி கரையில் ஒரு மரத்தடியில் வைத்துப் பாய் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு அம்மா வீட்டுக்குப் போய்த் தன் பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். சக்கரம் அசையவே இல்லை. சமையல் எண்ணெய் விட்டிருந்தார்கள், அது காய்ந்து வார்னிஷ் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, முன்னும் பின்னும் அசைத்து, மறுநாள் காலையில்தான் சுற்றியது. ஊசியும் திருப்பி மாட்டியிருந்தது: தட்டையான பக்கம் பின்னால் போக வேண்டிய மெஷின் அது. இரண்டையும் சரிசெய்ததும் தையல் விழுந்தது. சாயங்காலத்துக்குள் இன்னும் நான்கு மெஷின்கள் வந்துவிட்டன. "படகு வாங்கினது ஊர் சுத்தவா, டெய்லர் கடை வைக்கவா?" என்றாள் மனைவி. ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குத் தெரியும்.

அப்புறம் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவும் ரீடிங் கண்ணாடி. பவர் 1.5 முதல் 2.5 வரை, மலிவு விலையில் மொத்தமாக வாங்கியவை. பாய் முடையும் பெண்களும் மரம் செதுக்குபவர்களும் நாற்பது வயதுக்கு மேல் தட்டுத்தடுமாறித்தான் வேலை செய்கிறார்கள். எழுத்து அட்டை எல்லாம் வேண்டாம். ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் எந்தப் பவர் என்று தெரிந்துவிடும். மருந்து மாத்திரை மட்டும் நாங்கள் கொடுப்பதில்லை. அது நர்ஸின் வேலை.

படகு வாழ்க்கை பற்றியும் நாலு வரி. பூஞ்சை நிச்சயம். மழைக்காலத்தில் பெல்ட், செருப்பு எல்லாம் பச்சையாகும். இட்லி மாவு சீக்கிரமே பொங்கிவிடும், அது லாபம். நாந்தி சந்தையில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும். 1903 முதல் 1916 வரை சென்னை வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர் அது, முருகன் கோயிலும் இருக்கிறது. தமிழ் பேசுபவர்கள் குறைவு. ஆனால் சாம்பாருக்கு என்ன வேண்டும் என்று கடைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுபடி வாங்கினால்? வாட்டர்மேக்கரில் எலெக்ட்ரானிக் இல்லாத மாடல். சோலார் பேனல் இன்னும் ஒன்று. தையல் மெஷின் அதேதான். பழைய துணி மூட்டையும் மிட்டாயும் கொண்டுபோவதை எப்போதோ விட்டுவிட்டோம். அந்த இடத்தில் இப்போது 90/14 அளவு மெஷின் ஊசி, வெள்ளை நூல், மெஷின் எண்ணெய். எண்ணெய்தான் எப்போதும் முதலில் தீர்கிறது.