கிளாடியஸ் குடும்ப நாணயப் பெட்டி: காசு பரவாயில்லை, கையேட்டைச் சரிபார்த்துப் படியுங்கள்

மரப்பெட்டி ஒன்று. உள்ளே ரோமானிய வெள்ளிக் காசுகளின் மாதிரிகள் ஆறு, கூடவே 32 பக்கத்தில் ஒரு கையேடு. கிளாடியஸ் என்ற ஒரே குடும்பம் எங்கிருந்து வந்தது, அதன் பெயர்கள் எப்படிக் கிளைவிட்டன என்பதைக் காசுகளை வைத்தே சொல்வதாக விளம்பரம். விலை 1,480 ரூபாய், தபால் செலவு தனி. கேரளத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழிப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் கொடுத்துக் காட்ட ஏதாவது வேண்டும் என்று தேடியபோது கண்ணில் பட்டது, வாங்கிவிட்டேன்.

எங்கள் பக்கத்துக்கு ரோமானியக் காசு ஒன்றும் புதிது இல்லை. பழைய சேரத் துறைமுகமான முசிறியிலிருந்து கொங்கு நாட்டுக்குப் போகிற பாதை இந்தப் பாலக்காட்டுக் கணவாய்தான். வெள்ளலூரில் 1842இல் 500க்கு மேல் தெனாரியஸ், அதாவது ரோமானிய வெள்ளிக் காசு, கிடைத்தது. உடுமலைப் பக்கம் பூதிநத்தத்தில் கிடைத்தது ஆயிரத்தையும் தாண்டியது. இந்தப் பக்கம் கிடைக்கிற வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது ரோமின் முதல் இரண்டு பேரரசர்களான அகஸ்டஸ் அல்லது திபேரியஸ் முகம். திபேரியஸ் பிறந்தது கிளாடியஸ் வீட்டில். அதனால் இந்தப் பெட்டியை வாங்க எனக்குப் பெரிய சாக்கு எதுவும் தேவைப்படவில்லை.

முதலில் காசுகள். வெள்ளி முலாம் பூசிய ஏதோ கலவை உலோகம். மூன்றின் வார்ப்பு நன்றாக இருக்கிறது. என் கண்ணுக்கு ஆறில் அழகானது மார்செல்லினஸ் என்பவர் வெளியிட்ட காசு, அசல் கி.மு. 50 வாக்கில் அடித்தது. ஒரு பக்கம் அவருடைய முன்னோர், கிளாடியஸ் குடும்பத்துத் தளபதி மார்செல்லஸின் தலை. கிரீடம் இல்லை, மாலை இல்லை, கன்னம் ஒட்டிய ஒரு கிழவர். தலைக்குப் பின்னால் மூன்று கால்கள் ஒரே இடத்தில் சேர்ந்து சக்கரம்போல் சுழல்கின்றன. அது சிசிலித் தீவின் சின்னம். சிசிலியில் இருந்த சிரக்கூசைப் பிடித்தவர் இந்த மார்செல்லஸ். காசைத் திருப்பினால் நான்கு தூண் கோயிலுக்குள் ஒரு ஆள் எதிரியின் ஆயுதங்களைக் கம்பத்தில் மாட்டித் தூக்கிக்கொண்டு போகிறார். கி.மு. 222இல் காலியர் என்ற இனத்தின் படைத்தலைவனைத் தன் கையாலேயே கொன்று, அவன் கவசத்தை ஜூப்பிட்டர் கோயிலில் வைத்த சம்பவம். மாதிரிக் காசில் அந்தத் தூண்களை எண்ண முடிகிறது. இந்த விலைக்கு இது பெரிய விஷயம்.

திபேரியஸ் காசும் மோசமில்லை. மூக்கும், கழுத்தில் விழும் மாலை நாடாவும் தெளிவு. பின்பக்கம் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெண் அவருடைய அம்மா லிவியா என்று பொதுவாகச் சொல்வார்கள். நீரோ காசைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, முகம் சப்பையாக இருக்கிறது.

கையேட்டின் முதல் பத்துப் பக்கத்துக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன். கிளாடியஸ் குடும்பம் ரோமில் முளைத்தது இல்லை, பிழைக்க வந்த குடும்பம் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். சபைன் நாட்டில் ரெகில்லம் என்ற ஊர்க்காரர் அட்டஸ் கிளாசஸ். சபைன்கள் ரோமோடு சண்டைக்குக் கிளம்பியபோது இவர் சமாதானம் பேசினார். சொந்த ஊரில் இருக்க முடியவில்லை. கி.மு. 504இல் தன்னை அண்டி வாழ்ந்த ஆட்களை எல்லாம் கூட்டிக்கொண்டு ரோமுக்கு வந்து சேர்ந்தார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். 5,000 குடும்பம் என்பது புளூட்டார்க் கணக்கு. ஆளுக்கு 2 யூகெரம் நிலம், தலைவருக்கு மட்டும் 25. கையேடு இதோடு நிறுத்திக்கொள்கிறது. ஒரு யூகெரம் ஏறக்குறைய 62 சென்ட், ஆக குடும்பத்துக்கு ஒன்றேகால் ஏக்கர், தலைவருக்குப் பதினைந்தரை என்று நான் கரும்பலகையில் போட்டுக் காட்டிய பிறகுதான் எங்கள் பிள்ளைகளுக்கு அது சுவாரஸ்யமானது. தென்னந்தோப்புக் கணக்கு பேசி வளர்ந்த பிள்ளைகள். "பதினஞ்சு ஏக்கருக்கு எவ்வளவு தேங்காய் வரும்" என்று பின்வரிசையில் ஒரு விவாதமே நடந்தது.

வந்த ஊரில் அட்டஸ் கிளாசஸ், அப்பியஸ் கிளாடியஸ் ஆனார். செனட்டிலும் இடம் கிடைத்தது. அப்பியஸ் என்ற முன்பெயரை இந்த வீட்டார்தான் விடாமல் வைத்துக்கொண்டார்கள். அதற்கு நேர்மாறாக லூசியஸ் என்ற முன்பெயரைக் கைவிட்டார்கள். வீட்டில் லூசியஸ் என்று பெயர் வைத்த இருவரில் ஒருவர் வழிப்பறியிலும் மற்றவர் கொலையிலும் குற்றம் நிரூபிக்கப்பட்டவர்கள், அதனால் அந்தப் பெயரே வேண்டாம் என்று தீர்மானித்தார்களாம். சுயேட்டோனியஸ் சொல்கிற கதை இது. நீரோ பிறந்தபோது வைத்த பெயர் லூசியஸ் டொமிஷியஸ் அஹெனோபார்பஸ். கி.பி. 50இல் பேரரசர் கிளாடியஸ் அவனைச் சுவீகாரம் எடுத்ததும் அந்த லூசியஸ் காணாமல் போய் நீரோ கிளாடியஸ் ஆனான். கையேட்டில் முன்பெயர்க் கதை நான்காம் பக்கம், நீரோ இருபத்தெட்டாம் பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எழுதினவருக்கே தோன்றவில்லை. நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முன்பெயர், குடிப்பெயர், கிளைப்பெயர் என்று மூன்று அடுக்கையும் விளக்கும் படம் நன்றாக வந்திருக்கிறது. கிளைப்பெயர்கள்தான் இந்தக் குடும்பத்தில் வேடிக்கை. கண் போனதால் கேக்கஸ் என்று பெயர் பெற்ற அப்பியஸ் கிளாடியஸ் கி.மு. 312இல் ரோமிலிருந்து காபுவாவுக்கு அப்பியன் சாலையைப் போட்டவர். அவருடைய மகன்களில் ஒருவர் வழி புல்கர், அதாவது அழகர். இன்னொருவர் வழி நீரோ, சபைன் பேச்சில் பலசாலி. அந்த அழகர்தான் கி.மு. 249இல் கடற்போருக்கு முன் சகுனம் பார்க்கக் கொண்டுவந்த கோழிகள் தீனி எடுக்கவில்லை என்றதும், "தின்னாவிட்டால் குடிக்கட்டும்" என்று கடலில் தூக்கிப் போட்டவர். போரில் தோற்றார். பிற்பாடு அவர் இறந்த பிறகு, அவர் கூடப்பிறந்த கிளாடியா தெருவில் கூட்ட நெரிசலில் மாட்டிக்கொண்டு, அவர் உயிரோடு வந்து இன்னொரு கப்பற்படையைத் தொலைத்தால் ஊரில் கூட்டமாவது குறையும் என்று சொல்லி அபராதம் கட்டினார். வகுப்பில் இந்தக் கதைக்குக் கிடைத்த சிரிப்பு எந்தப் பேரரசருக்கும் கிடைக்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டாள் ஒருத்தி. கிளாடியாதான். அந்த வீட்டில் பிறக்கும் பெண் எல்லாருமே கிளாடியா, வேறுபடுத்த மூத்தவள், இளையவள், மூன்றாமவள் என்று சேர்த்துக்கொள்வார்கள். "ஏனுங் டீச்சர், அக்காளும் தங்கச்சியும் ஒரே பேருன்னா, அம்மா கூப்பிட்டா யாரு திரும்பிப் பாப்பாங்க?" கையேட்டில் பெண்களுக்கு ஒதுக்கியது ஆறு வரி. என்னைக் கேட்டால் இரண்டு பக்கமாவது கொடுத்திருக்க வேண்டும்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து கையேடு தடுமாற ஆரம்பிக்கிறது.

நடுப்பக்கத்தில் பெரிதாக ஒரு வம்ச மரம். அதில் மார்செல்லஸ் கிளையைக் கண் தெரியாத கேக்கஸின் மகன் வழியாக வரைந்திருக்கிறார்கள். தவறு. ஒரு மார்செல்லஸ் கி.மு. 331லேயே கான்சல், அதாவது ரோமின் உச்ச ஆட்சிப் பதவிக்காரர், ஆகிவிட்டார், கேக்கஸ் கான்சல் ஆனது கி.மு. 307இல். மார்செல்லஸ் வீட்டார் பிளெபியன், அதாவது பொதுக்குடி; புல்கரும் நீரோவும் பட்ரீசியன், அதாவது பழைய பிரபுக்குடி. குடிப்பெயர் மட்டும் ஒன்று. எங்கள் வகுப்பில் கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர்களாகப் பிடித்துக்கொண்டார்கள்: ஓதாளன் கூட்டம், காடை கூட்டம் என்று இருப்பதில்லையா, ஒரே கூட்டத்துக்காரர் என்றால் பங்காளி, கல்யாணம் கட்ட மாட்டோம், அதற்காக எல்லாரும் ஒரே தாத்தா பேரன்கள் ஆகிவிடுவார்களா என்று. வகுப்பறையில் சாதி விவகாரம் பேசுவது எனக்கு ஒவ்வாத விஷயம். இருந்தாலும் அன்றைக்கு அந்த விளக்கம் கையேட்டின் வம்ச மரத்தைவிடச் சரியாக இருந்தது. பங்காளித் தகராறுகூட அங்கே உண்டு. விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மகன் விட்டுப்போன சொத்துக்கு மார்செல்லஸ் வீட்டார் கிளை உரிமையைச் சொல்லியும், பட்ரீசியன் கிளாடியஸ் வீட்டார் குடி உரிமையைச் சொல்லியும் வழக்காடியதைச் சிசரோ குறிப்பிடுகிறார். இவ்வளவு நல்ல வழக்கு கையேட்டில் இல்லை.

அடுத்தது இன்னும் மோசம். மூன்றாவது காசில் ஒரு பக்கம் அப்போலோ, மறுபக்கம் தீப்பந்தங்களோடு டயானா. 'பி. குளோடியஸ் எம். எஃப்.' என்று எழுத்து. கையேடு இதை அரசியல்வாதி குளோடியஸின் காசு என்கிறது. கி.மு. 59இல், தன்னைவிட வயதில் சின்ன ஒரு பிளெபியனுக்குச் சுவீகாரப் பிள்ளையாகப் போய், பிளெபியன்களுக்கே உரிய மக்கள் பிரதிநிதிப் பதவியை அந்த வருஷக் கடைசியிலேயே ஏற்ற அதே புல்கர் வீட்டுக் குளோடியஸ். குளோடியஸ் என்பது கிளாடியஸின் இன்னொரு உச்சரிப்புதான். கதை நல்ல கதைதான், ஆள்தான் வேறு. அந்தக் காசு கி.மு. 42இல் அடித்தது. அரசியல்வாதியோ கி.மு. 52 ஜனவரியிலேயே அப்பியன் சாலையில், தன் முன்னோர் போட்ட அதே சாலையில், வெட்டுப்பட்டுச் செத்துப்போனார். செத்துப் பத்து வருஷம் கழித்தா காசு அடித்தார்? தேதியை விடுங்கள், காசிலேயே விடை இருக்கிறது. எம் என்றால் மார்க்கஸ், எஃப் என்றால் மகன். அரசியல்வாதியின் அப்பா பெயர் அப்பியஸ். "அப்ப இனிஷியலே இடிக்குதுங் டீச்சர்" என்றான் ஒரு பையன். அவன் கண்ணில் பட்டது அச்சுக்கு அனுப்பியவர் கண்ணில் படவில்லை.

பெட்டியின் பெயரே கிளாடியஸ். இருந்தும் திபேரியஸ் காசில் கிளாடியஸ் என்ற எழுத்து கிடையாது. நீரோ காசிலும் கிடையாது. திபேரியஸை கி.பி. 4இல் அகஸ்டஸ் சுவீகாரம் எடுத்தபின் அவர் ஜூலியஸ் வீட்டுப் பிள்ளை. காசில் 'தெய்வமான அகஸ்டஸின் மகன்' என்றுதான் போட்டுக்கொண்டார். பேரரசர்களில் கிளாடியஸ் பெயரைக் காசில் போட்டவர் இந்தப் பெட்டியில் கிளாடியஸ் ஒருவரே. பெயர்களைப் பற்றிய பெட்டியில் இதற்கு ஒரு பத்தியாவது வேண்டாமா? குழந்தைகள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகத் தேடுகிறார்கள், நான்தான் சமாளிக்க வேண்டியிருந்தது.

எடை விஷயம். ஊரில் தெரிந்த பத்தர் தராசில் ஆறையும் போட்டுப் பார்த்தேன். குடியரசுக் காலத்து அசல் தெனாரியஸ் 3.9 கிராம் அளவில் இருக்கும். நீரோ கி.பி. 64இல் குறைத்தபின் 3.4 வாக்கில். இந்த மாதிரிகள் இரண்டரையிலிருந்து நாலேகால் வரை இஷ்டத்துக்கு இருக்கின்றன. நீரோ காசுதான் எல்லாவற்றிலும் கனம். பிளினி சொல்கிற ஒரு சம்பவம் உண்டு: கிளாடியஸ் ஆட்சியில் காற்றில் அடித்துக்கொண்டு இலங்கைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு ரோமானியரிடம் இருந்த தெனாரியஸ்களைப் பார்த்து, முகங்கள் வேறு வேறாக இருந்தும் எடை ஒன்றாக இருக்கிறதே என்று அந்த ஊர் ராஜா அசந்து போனாராம். இந்தப் பெட்டியைக் காட்டியிருந்தால் ரோமோடு வியாபாரமே வேண்டாம் என்றிருப்பார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எந்தக் காசிலும் 'மாதிரி' என்ற முத்திரை இல்லை. கிணறு வெட்டும்போது கிடைத்தது, ரோட்டுக்குக் குழி தோண்டும்போது கிடைத்தது என்று பழைய காசு விற்க வருகிற ஆட்கள் எங்கள் எல்லைப் பக்கம் சந்தைகளில் எப்போதும் உண்டு. இதை ஒருவர் மண்ணில் புரட்டி எடுத்தால் ஏமாறுகிறவர் ஏமாறுவார். உண்மையாகவே புதையல் கிடைத்தால் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் கையேட்டில் ஒரு வரி போட்டிருக்கலாம். நான் ஆறு காசின் விளிம்பிலும் ஆணியால் கீறி வைத்துவிட்டேன்.

கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. விற்பனையாளருக்குப் பிழைகளை எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் மரியாதையான பதில் வந்தது, குளோடியஸ் பக்கத்தை அடுத்த அச்சில் திருத்துவதாக. வம்ச மரத்தைப் பற்றிப் பதிலில் ஒரு வார்த்தை இல்லை.

ஆசிரியர்கள் வாங்கலாம், முதல் பத்துப் பக்கத்துக்காகவும் மார்செல்லஸ் காசுக்காகவும். அலங்காரத்துக்கு வாங்குகிறவர்கள் திபேரியஸ் காசு தனியாக 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். எங்களைப் போல எல்லைக்காரர்கள் ஆர்டர் போடும்போது மாநிலம் என்ற இடத்தில் கேரளம் என்று போட்டு, ஊர்ப் பெயரோடு சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம் என்றும் சேர்த்து எழுதிவிடுங்கள். வெறும் சித்தூர் என்று போட்டதால் என் பெட்டி ஆந்திரா வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.