பேச்சு அறுந்த பிறகும் மீட்டர் ஓடும்: இணையத் தொலைபேசி பில்லில் 1,768 விநாடி இருந்தால் விடாதீர்கள்

இணையவழித் தொலைபேசி வைத்திருப்பவர்கள் மாத பில்லின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். விரிவான அழைப்புப் பட்டியலை விநாடிக் கணக்கில் கேட்டு வாங்குங்கள். கால அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். ஒரே எண்ணிக்கை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

ஓர் அலுவலகத்தின் பட்டியலில் 14 வரிகள் அப்படி இருந்தன. பதினான்கும் 1,768 விநாடி. நிமிடக் கணக்கில் ஒவ்வொன்றும் 30 நிமிடமாக ஏற்றப்பட்டிருந்தது. எல்லாமே ஒரே கான்ஃபரன்ஸ் எண்ணுக்குப் போன அழைப்புகள். இரண்டு மூன்று நிமிடத்தில் வைஃபை அறுந்து, மறுபடி கூப்பிட்டு உள்ளே வந்தவர்களுடையவை. சேவை நிறுவனத்திடம் மூன்று முறை எழுதிக் கேட்டும் ஒரே பதில்: “எங்கள் பதிவு சரியாக இருக்கிறது, அழைப்பு அவ்வளவு நேரம் திறந்திருந்தது.” பணம் திரும்பி வரவில்லை.

அந்தப் பதிலில் பொய் இல்லை, ஆனால் பாதியை மறைக்கிறார்கள். ஐஎம்எஸ் (தொலைபேசி நிறுவனங்கள் இணைய முறையில் அழைப்புகளை நடத்தும் அமைப்பு) வலைப்பின்னலானாலும் சாதாரண சிப் டிரங்க்கானாலும் (அலுவலகத் தொலைபேசியை இணையம் வழியாக நிறுவனத்தோடு சேர்க்கும் இணைப்பு) குரலும் கணக்கும் ஒரே வழியில் போவதில்லை. அழைப்பைத் தொடங்கு, எதிர்முனை எடுத்தாயிற்று, முடி என்கிற கட்டளைகள் சிப் செய்திகளாக ஒரு வழியில் போகும். குரல், 20 மில்லி விநாடிக்கு ஒன்று என ஆர்டிபி பாக்கெட்டுகளாக வேறு வழியில் போகும். சிடிஆர் எனப்படும் பில் பதிவு உருவாவது முதல் வழியில். எதிர்முனை எடுத்ததும் வரும் ‘200 ஓகே’ பதிலில் மீட்டர் தொடங்கும், ‘முடி’ என்று சொல்லும் ‘பை’ (BYE) செய்தி வந்தால்தான் நிற்கும். நடுவில் ஒரு சொல்கூடப் போகாவிட்டாலும் அந்த மீட்டருக்குத் தெரியாது.

வைஃபை பட்டென்று அறுந்தால் ‘பை’ அனுப்ப யாரும் இல்லை. இப்படி அந்தரத்தில் தொங்கும் அழைப்புகளை முடிக்கத்தான் 2005-இல் ஆர்எஃப்சி 4028 என்ற இணையத் தர ஆவணம் செஷன் டைமரைக் கொண்டுவந்தது. அது பரிந்துரைக்கும் காலம் 1,800 விநாடி. பாதி நேரம் ஆனதும், அதாவது 900-ஆவது விநாடியில், ஒரு முனை ‘இன்னும் இருக்கிறேன்’ என்று புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பு வராவிட்டால், காலம் முடிய 32 விநாடி இருக்கும்போது மறுமுனையே ‘பை’ அனுப்பிவிடும். 1,800-இல் 32 போனால் 1,768. பட்டியலில் இருந்த எண் அதுதான். ஒரு தடவை புதுப்பித்த பிறகு அறுந்த அழைப்பு என்றால் 2,668 என்று வரும். சில கருவிகள் சரியாக 1,800-இல் துண்டிக்கும். இந்த எண்களுக்கு ஒன்றிரண்டு விநாடி முன்பின்னாக ஒரு கூட்டம் தெரிந்தால் அவை மனிதர்கள் முடித்த அழைப்புகளே இல்லை.

சாதாரணமாக ஒருவரோடு ஒருவர் பேசும்போது இது அகப்படாது. சத்தம் நின்றதும் எதிரில் இருப்பவர் வைத்துவிடுவார், அந்தப் பக்கத்து ‘பை’ மீட்டரை நிறுத்திவிடும். கான்ஃபரன்ஸ் எண், வாடிக்கையாளர் சேவையின் காத்திருப்பு வரிசை, குரல் அஞ்சல் பெட்டி ஆகிய இடங்களில் எதிர்முனை ஒரு இயந்திரம். அது பெரும்பாலும் உடனே தானாக வைக்காது. ஆகவே முதலில் இந்த மூன்று வகை எண்களைத் தேடுங்கள். செல்பேசியின் வோல்ட்டி (4ஜி வழிக் குரல்) அழைப்பில் இந்தக் கோளாறு குறைவு. ரேடியோ இணைப்பு போனால் வலைப்பின்னலே அதை அறிந்து அழைப்பை முடித்துவிட முடியும். பிராட்பேண்ட் வழியாகப் போகும் டிரங்க்கில் அந்த அறிவிப்பு கிடையாது.

முறையாக வைத்த அழைப்பிலும் இதே நஷ்டம் வரும். யுடிபி (போய்ச் சேர்ந்ததா என்று தானாகச் சரிபார்க்காத அனுப்பு முறை) வழியாகப் போன ‘பை’ செய்திக்குப் பதில் வராவிட்டால் போன் அரை விநாடி, 1, 2, 4 விநாடி என இடைவெளி விட்டு மறுபடி மறுபடி அனுப்பும். 32 விநாடி ஆனதும் கைவிட்டுவிடும். திரையில் ‘அழைப்பு முடிந்தது’ என்று எப்போதோ காட்டியிருக்கும். பெரும்பாலும் குற்றவாளி ரௌட்டரில் இருக்கும் ‘சிப் ஏஎல்ஜி’ வசதி. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு செய்திக்குள் இருக்கும் முகவரிகளைத் திருத்திக் கெடுத்துவிடும். அதை அணைத்துவிடுங்கள்.

சரி, நிறுவனத்துக்கு உண்மையிலேயே தெரியாதா? இந்த டிரங்க்கில் குரல் அவர்களுடைய எஸ்பிசி என்கிற எல்லைக் கருவி வழியாகத்தான் போனது. எஸ்பிசி பாக்கெட்டுகளை எண்ணும். விநாடிக்கு 50 வீதம் 1,768 விநாடிக்கு ஒரு திசையில் 88,400 பாக்கெட் போயிருக்க வேண்டும். அந்த அலுவலகத்து ரௌட்டரில் பிடித்த ஒரு கேப்ச்சரில் (கடந்துபோன பாக்கெட்டுகளின் பதிவில்) இருந்தது சுமார் 6,500, அதாவது 130 விநாடிப் பேச்சு. 60 விநாடி குரல் வராவிட்டால் துண்டி என்று எஸ்பிசியில் ஒரு வரி எழுதியிருந்தால் 14 அழைப்பும் நான்கு நிமிடத்துக்குள் முடிந்திருக்கும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டுக் காசை மட்டும் வாங்கிக்கொண்டதுதான் நெஞ்சு பொறுக்காத விஷயம்.

வீடியோவில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. குரலுக்கும் வீடியோவுக்கும் தனித்தனிக் கட்டணம் வைத்திருக்கும் சேவைகளில், எது நடக்கிறது என்பதைச் சிப் செய்திக்குள் இருக்கும் எஸ்டிபி விவரத்தை வைத்தே முடிவு செய்வார்கள். கேமராவை அணைக்கும் பொத்தான் பல செயலிகளில் படம் அனுப்புவதை மட்டும் நிறுத்துகிறது. புதிதாக ‘இன்வைட்’ அனுப்பி வீடியோ போர்ட்டைப் பூஜ்யம் ஆக்கினால்தான் வலைப்பின்னலுக்குச் சேதி போகும். அது போகாதவரை இருட்டுத் திரைக்கும் வீடியோ கட்டணம். வீடியோ இனி வேண்டாம் என்றால் அழைப்பை வைத்துவிட்டுக் குரல் அழைப்பாகத் திரும்பக் கூப்பிடுவதே பத்திரம். முறையாக மாற்றினாலும் ரவுண்டிங்கைக் கவனியுங்கள். 65 விநாடி குரல், 70 விநாடி வீடியோ, மறுபடி 75 விநாடி குரல் என்றால் மொத்தம் 210 விநாடி, 4 நிமிடத்துக்குள் அடங்கும். ஒவ்வொரு துண்டையும் தனியாக நிமிடத்துக்கு ஏற்றினால் 6 நிமிடம்.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது: பிபிஎக்ஸில் (அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகத்தில்) செஷன் காலத்தை 1,800-இலிருந்து 180-க்குக் குறையுங்கள். 90 வரை குறைக்க விதி இடம் தருகிறது. 180 வைத்தால், கடைசிப் புதுப்பிப்புக்குப் பிறகு 148-ஆவது விநாடியில் அழைப்பு விழுந்துவிடும். அடுத்து ஆர்டிபி டைம்-அவுட், அதாவது குரல் பாக்கெட் வராவிட்டால் துண்டிக்கும் கெடு. ஆஸ்டெரிஸ்க் என்ற பிபிஎக்ஸ் மென்பொருளின் பிஜேசிப் டிரைவரில் இது இயல்பாகப் பூஜ்யத்தில், அதாவது அணைந்தே கிடக்கும். 60 வையுங்கள். ஹோல்டில் இருக்கும் அழைப்புக்குத் தனி அமைப்பு உண்டு, அதற்கு 300 கொடுங்கள், இல்லாவிட்டால் காத்திருப்பவர்களையும் வெட்டிவிடும். பேசாதபோது பாக்கெட்டை நிறுத்தும் சைலன்ஸ் சப்ரெஷன் இயங்கினால் 60 ஆபத்து. முதலில் அதை அணைத்துவிட்டு வாருங்கள். முடிந்தால் யுடிபியை விட்டு டிஎல்எஸ் என்கிற மறைகுறியாக்கிய இணைப்புக்கு மாறுங்கள். இணைப்பு அறுந்தது, உடனே இல்லாவிட்டாலும், இரு பக்கமும் தெரியவர வாய்ப்பு உண்டு.

புகார் எழுதும்போது ‘பில் அதிகம்’ என்று மொட்டையாக எழுதினால் அதே ஒற்றை வரிப் பதில்தான் வரும். ஒவ்வொரு அழைப்புக்கும் கால்-ஐடியை (சிப் செய்தியில் அந்த அழைப்புக்கு உரிய தனி அடையாளம்) குறிப்பிட்டு, ‘பை’ அனுப்பியது எந்த முனை, முடிவுக்கான காரணக் குறியீடு என்ன, எஸ்பிசியில் இரு திசையிலும் பதிவான பாக்கெட் எண்ணிக்கை எவ்வளவு என்று கேளுங்கள். ஐஎம்எஸ் சேவை என்றால் ஐசிஐடி எண்ணையும் கேளுங்கள். ஒரே அழைப்புக்குப் பல கருவிகள் எழுதும் சிடிஆர்களைச் சேர்த்துக் கட்டும் நூல் அதுதான். சிடிஆர் நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கக்கூடும், உங்கள் கேப்ச்சர் நேரத்தோடு ஒப்பிடும்முன் மாற்றிக்கொள்ளுங்கள். தகராறு எழுப்ப ஒப்பந்தத்தில் கெடு இருக்கும், அது தாண்டும்வரை கேப்ச்சர் கோப்பை அழிக்க வேண்டாம். ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தால், மீடியா டைம்-அவுட் (குரல் நின்றபின் துண்டிக்கும் கெடு) எத்தனை விநாடி என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.