தொண்டிக் கரைக்கு முதல் படகு: லாங் டெயிலா, அவுட்போர்டா?

காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குக் கடல் என்றால் தொண்டிதான். காலையில் கிளம்பினால் திருவாடானை வழியாக வெயில் ஏறுமுன் கரையில் இருக்கலாம். அந்த ஊர் நண்பர் ஒருவரோடு பங்கு போட்டு சின்னதாக ஒரு ஃபைபர் படகு வாங்கியிருக்கிறேன். பதிவு அவர் பெயரில், பணம் பாதிப்பாதி. படகை முடிவு செய்ய அதிக நேரம் ஆகவில்லை. எஞ்சினில்தான் மாதக்கணக்கில் பேச்சு ஓடியது: படகின் பின்பக்கம் மாட்டிக் கழற்றும் அவுட்போர்டா, நீளத் தண்டின் நுனியில் விசிறி சுற்றும் லாங் டெயிலா என்று. கடைசியில் லாங் டெயில் எடுத்தோம். நாளைக்கு இன்னொன்று வாங்கினாலும் அதையேதான் எடுப்பேன். நம் பக்கத்து ஆட்கள் பலர் இதே யோசனையில் இருப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் கடலைப் பற்றி. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். தொண்டிக் கரையில் வெகுதூரம் இடுப்பளவு தண்ணீர்தான். அடியில் சேறு, சேற்றின் மேல் கடல் புல். ஓரா, நகரை, நண்டு, இறால் எல்லாம் அந்தப் புல்லை அண்டித்தான் இருக்கின்றன. அதாவது நாம் போக வேண்டிய இடமே எஞ்சினுக்குப் பிடிக்காத இடம். எந்த எஞ்சின் வாங்கினாலும் இதை மனதில் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் ஏர்போட் படங்களை அனுப்பி ஆசை காட்டினார். தட்டையான அடிப்பாகம், பின்னால் கூண்டுக்குள் விமானத்துக்கு இருப்பது போலப் பெரிய காற்றாடி, தண்ணீருக்குக் கீழே எதுவுமே கிடையாது. டெலிபோனுக்குப் பேர்போன கிரகாம் பெல்லின் குழு 1905-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இப்படி ஒன்றைச் செய்து ஓட்டியது. இன்று ஃபுளோரிடா, லூசியானா சதுப்புகளில் நிறைய ஓடுகின்றன. பிரேக் கிடையாது, ரிவர்ஸ் கிடையாது, காதை மூடிக்கொண்டுதான் உட்கார வேண்டும். தண்ணீர் வற்றிய சேற்றின் மேலும் போக முடிவதுதான் அதன் பெரிய பலம். தொண்டியிலோ கடல் தண்ணீரின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், தண்ணீர் முழுதாக விட்டுப் போவதில்லை. அந்தப் பலத்துக்கு இங்கே வேலை இல்லை. பழுது பார்க்கவும் ஆள் கிடைக்காது.

படகைப் பொறுத்தவரை ஃபைபர்தான். மரத்தில் கட்டிய பழைய வத்தை இந்தக் கடலுக்கென்றே பிறந்தது, தட்டை அடி, அழகான ஓட்டம். ஆனால் அதைக் கட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த ஆசாரிகள் குறைந்துவிட்டார்கள்.

இனி எஞ்சின். வேகம், சத்தம், விலை என்று எல்லோரும் ஒப்பிடுவார்கள். அவுட்போர்டில் வேகம் அதிகம், சத்தம் குறைவு, விலையும் அதிகம். எங்களிடம் சொன்ன விலைகளில் புது அவுட்போர்டு, லாங் டெயிலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இதெல்லாம் தெரிந்த கதை. முடிவைத் தீர்மானித்தது வேறு ஒரு விஷயம்: எஞ்சின் எதை வைத்துத் தன் சூட்டைத் தணிக்கிறது என்பது.

அவுட்போர்டு கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் குளிர்கிறது. விசிறிக்குச் சற்று மேலே, எஞ்சினிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் காலின் பக்கவாட்டில் சல்லடை போல ஒரு வாய் இருக்கும். அதன் வழியே தண்ணீரை உள்ளே இழுத்து மேலே ஏற்றுவது ஒரு சின்ன ரப்பர் இம்பெல்லர். அந்தத் தண்ணீர் எஞ்சினைச் சுற்றி வந்து வெளியேறும். பின்பக்கம் மெல்லிய தாரையாகப் பீய்ச்சுவதைப் பார்த்தால் குளிர்ச்சி நடக்கிறது என்று அர்த்தம். ஆழமான தண்ணீரில் அருமையான ஏற்பாடு. இடுப்பளவு தண்ணீரில் விசிறி சேற்றைக் கிளப்பும், அந்த வாய் அதே சேற்றைக் குடிக்கும். புல் வந்து சல்லடையில் ஒட்டினால் தண்ணீரே ஏறாது. தாரை மெலிவதைக் கவனிக்காமல் விட்டால் எஞ்சின் சூடேறி நின்றுவிடும்.

தொண்டியில் ஒரு மெக்கானிக் பட்டறையில் பிரித்துப் போட்டிருந்த அவுட்போர்டு ஒன்றைப் பார்த்தேன். இம்பெல்லரின் இதழ்களில் இரண்டு அடியோடு பிய்ந்து போயிருந்தன. மீதி இதழ்கள் ஒரே பக்கமாக மடிந்து விறைத்துக் கிடந்தன. பம்ப் கூட்டுக்குள் சாம்பல் நிறச் சேறு. மேலே தண்ணீர் ஓடும் பாதையில் வெள்ளையாக உப்பு படிந்து, துவாரம் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. வாங்கி ரொம்ப நாள் ஆகாத எஞ்சின் என்றார் மெக்கானிக். பக்கத்தில் நின்ற நண்பரின் அப்பா சொன்னார்: “தண்ணி குடிக்கிற எஞ்சினு இந்தக் கடல்ல சேத்தையும் சேத்துத்தான் குடிக்கும், தம்பி.”

உப்புப் படியாமல் இருக்க, ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஏற்றிச் சில நிமிடம் ஓட்ட வேண்டும். கேட்கச் சின்ன வேலைதான். கரையில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? பக்கத்து போர்வெல்லில் வருவதே உப்புக் கரிக்கிறது. குடிக்கக் குடம் கணக்கில் வாங்கும் இடத்தில் எஞ்சினுக்கு ஒரு டிரம் நிரப்புவது எளிதில்லை. படகுக்குப் பக்கத்திலேயே வீடு இருப்பவர் எப்படியோ சமாளித்துவிடுவார். நம்மைப் போல அவ்வப்போது வந்து போகிறவர்களுக்கு எஞ்சின் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். உள்ளே தங்கிய உப்புத் தண்ணீர் காய்ந்து இறுகுவது அப்போதுதான்.

லாங் டெயிலில் இந்தப் பிரச்சினையே இல்லை. ஆட்டோ, லோடு ஆட்டோவில் ஓடிக்கொண்டிருந்த அதே வகை ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், காற்றாலேயே குளிர்வது. படகின் பின்பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நீளமாக ஒரு தண்டு பின்னால் சாய்ந்து தண்ணீருக்குள் போகும், நுனியில் விசிறி. கடல் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட எஞ்சினுக்குள் போவதில்லை. ஆழம் குறைந்தால் கைப்பிடியை அமுக்க வேண்டும், விசிறி மேலே வந்துவிடும். முழங்கால் தண்ணீரிலும் மேலாகத் துழாவிக்கொண்டு போய்விடலாம். பிஸ்டன் ரிங், நாசில், ஃபில்டர் எல்லாம் தேவகோட்டையில் டீசல் ஆட்டோ பார்த்த மெக்கானிக்குக் கை பழகிய சாமான்கள். அவுட்போர்டு சாமான் என்றால் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இதற்கும் பராமரிப்பு உண்டு. தண்டின் குழாய்க்குள் அதைத் தாங்கிப் பிடிக்கும் வளையங்களான புஷ்கள் சேற்றிலும் உப்பிலும் தேயும். கிரீஸ் அடிப்பதை விட்டால் தண்டு ஆட்டம் கொடுக்கும், ஆட்டத்தோடு ஓட்டினால் மற்றதெல்லாம் சேர்ந்து தேயும். வெளிப்பக்கம் துருப்பிடிக்கும். கரைக்கு வந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்துவிட்டு, ஆறிய பிறகு எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, தண்டுக்கு கிரீஸ், மேலே தார்ப்பாய். ஒரு குடம் தண்ணீரில் முடிந்துவிடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அதிர்வு நிறைய, திரும்பி வந்த பிறகும் உள்ளங்கை மரத்துப் போயிருக்கும். எங்கள் எஞ்சினில் கியர் கிடையாது, ரிவர்ஸும் கிடையாது. ஸ்டார்ட் ஆனதும் விசிறி சுற்றும், அதனால் பின்னால் யாரும் தண்ணீரில் நிற்கக் கூடாது. குழந்தைகளோடு போகிறவர்கள் இதை மிகவும் யோசிக்க வேண்டும். நீளத் தண்டோடு நெருக்கமான இடத்தில் திருப்புவதும் கஷ்டம். விசிறியில் புல் சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, ஒருவர் இறங்கிக் கத்தியால் அறுக்க வேண்டியதுதான்.

புல் அடர்ந்த இடத்தில் நாங்கள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கம்பு ஊன்றிப் போகிறோம். விசிறி எதுவானாலும் புல்லை வேரோடு கிளப்பும். எங்களுக்கு வடக்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக 2022-இல் அரசு அறிவித்தது. கடல்பசுவுக்குத் தீனியே இந்தப் புல்தான், மீன் குஞ்சு வளர்வதும் இதில்தான். நம் குழம்புக்கு வரும் நண்டும் இங்கிருந்துதான் வருகிறது. அதனால் கம்பு இல்லாமல் படகு எடுக்காதீர்கள்.

அவுட்போர்டுக்காக ஒரு விஷயம் பேசியே ஆக வேண்டும்: அதைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். பத்துக் குதிரைத்திறன் அளவில் நாற்பது கிலோ சொச்சம்தான், இரண்டு பேர் தூக்கி வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்து, டிரம்மில் நம் ஊர் நல்ல தண்ணீரை நிரப்பி ஓட்டி வைக்கலாம். இதைத் தவறாமல் செய்ய முடிகிறவர், ஆழமான பக்கம் தூண்டில் போடப் போகிறவர், தாராளமாக அவுட்போர்டு வாங்கலாம். ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டை நான் சொந்தமாக வைத்து ஓட்டியதில்லை, நண்பர்களின் படகில் ஏறியதோடு சரி. அதன் ஆயுளைப் பற்றி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.

எரிபொருளில் டீசலுக்கே என் ஓட்டு. வெயிலில் பெட்ரோல் கேனைப் படகுக்குள் வைத்திருப்பது எனக்குப் பிடிப்பதில்லை. பதிவு பெற்ற மீன்பிடிப் படகுகளுக்கு வரி விலக்கு டீசலும் உண்டு, மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மறுவிற்பனை பற்றி உறுதியாகப் பேச என்னிடம் அனுபவம் போதாது, இன்னும் எதையும் விற்கவில்லை. கரையில் பார்த்தவரை, பழைய லாங் டெயில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. பழைய அவுட்போர்டைக் கண்டால் வாங்க வந்தவர் முதலில் உள்ளே உப்பு எவ்வளவு என்றுதான் கேட்கிறார். பழசு வாங்குவதானால் லாங் டெயிலின் தண்டு நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். புஷ் தேய்ந்திருந்தால் கையிலேயே தெரியும், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஒருமுறை, முழுக்க ஆறிய பிறகு ஒருமுறை என்று இரண்டு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.